அக்கா பூங்கா, தங்கை பூங்கா

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது. கதைக்கு உரியவர் அடுத்த வீட்டில்தான் இருக்கிறார். காது வேறு அவருக்கு நன்றாகக் கேட்கும்.

லிப்டு மெக்கானிக் அவர். தெருவில் எல்லோருக்கும் லிப்டுக்காரர். சாப்பிட உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். "முப்பதாவது மாடி. ஒத்தைக் கயிறு. கீழ பாத்தா பஸ்ஸெல்லாம் தீப்பெட்டி மாதிரி. தொங்கிக்கிட்டே டீ குடிச்சேன்." பதினைந்து வருஷமாக அதே டீ. இன்னும் ஆறவில்லை.

உண்மை என்னவென்றால், மேலே ஏறுவது அவருடைய கூட்டாளி. இவர் கீழே, லிப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கி எண்ணெய் போடுவார். நாலாவது மாடிக்கு மேல் ஜன்னல் பக்கமே திரும்ப மாட்டார். குடியிருக்க வீடு பார்த்ததும் தரைத் தளத்தில். வீட்டில் பல்பு போனால் முக்காலி போட்டு ஏறுவது அவர் மனைவி தையல்காரம்மாதான். "பல்புக்கெல்லாம் மெக்கானிக் ஏறக்கூடாது. வேலைக்குன்னு ஒரு மரியாதை இருக்கு" என்பார்.

தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள். மறுத்துப் பேச மாட்டாள். கல்யாணமான புதிதில் அவர் வாய்தவறி ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "ஒரு நாள் உன்னையும் மேல கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்." அதை மட்டும் அவள் மறக்கவே இல்லை.

இந்த வருஷம் அவருடைய கம்பெனியில் பதினைந்து வருஷ உழைப்புக்குப் பரிசு கொடுத்தார்கள். குடும்பத்தோடு இரண்டு நாள் பொழுதுபோக்குப் பூங்கா, தங்குவதற்கு விடுதி உட்பட. ஒரே முதலாளிக்கு இரண்டு பூங்கா. முதலில் கட்டியது அக்கா, பின்னால் கட்டியது தங்கை, நடுவில் விடுதி. இவர், மனைவி, மகள் மூன்று பேரும் அப்படி ஒன்றை அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தார்கள்.

விளம்பரத் தாளை விரித்தார். அக்கா பூங்காவில் 'இடிமுழக்கம்' என்று ஒரு ரோலர் கோஸ்டர். அதில் தலைகீழாக மனிதர்கள். இவர் அவசரமாகத் தாளின் மறுபக்கத்தைத் திருப்பினார். தங்கை பூங்கா படத்தில் பூச்செடி, வாத்து, பொம்மை ரயில். போன உயிர் திரும்பி வந்தது.

"முதல் நாள் அக்கா, மறுநாள் தங்கை" என்றாள் தையல்காரம்மா. "இடிமுழக்கத்துல நீங்க நடுவுல, நாங்க ரெண்டு பக்கம். மேல கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்கல்ல?"

"அப்பா, கம்பியைப் பிடிக்கக் கூடாது. கையைத் தூக்கிட்டு உக்காரணும்" என்றாள் பன்னிரண்டு வயது மகள்.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் லிப்டுப் பள்ளத்தில் எண்ணெய் போடும்போதுதான் யோசனை வந்தது.

"நாம புதுசும்மா. புதுசாப் போறவங்க பிரிஞ்சு போய்த்தான் பாக்கணும். முதல் நாள் நீங்க ரெண்டு பேரும் அக்கா. நான் தங்கை. சாயங்காலம் ரெண்டையும் ஒப்பிட்டுப் பாப்போம். எது ஒசத்தியோ, மறுநாள் மூணு பேரும் அதுக்கு."

"எது ஒசத்தின்னு யாரு சொல்றது?"

"மெஷினைப் பத்தித் தெரிஞ்சவங்க."

"அதாவது நீங்க."

"நான் சொல்லல, நீயே சொல்லிட்டே."

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்தாள். "சரிங்க" என்றாள். அவள் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதே கிடையாது. மனுஷன் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

விடுதியில் மூன்று பேருக்கும் கையில் ஆளுக்கொரு பட்டை மாட்டினார்கள். கதவு திறப்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் அந்தப் பட்டைதான். தாயும் மகளும் அக்காவுக்குப் போனார்கள். இவர் தங்கைக்குள் நுழைந்தார். வாசலை ஒட்டியே பொம்மை ரயில். முழங்கால் முகவாயில் இடிக்க, ஒரு பெட்டியில் தன்னை மடித்து வைத்துக்கொண்டார். ரயில் ஆடியது. பாட்டுப் பாடியது. குகைக்குள் போனால் குளுகுளு. மூன்றாவது சுற்றிலேயே தூங்கிவிட்டார். ரயில் ஓட்டுகிறவர், ஏதோ குழந்தையின் தாத்தா என்று விட்டுவிட்டார். குகைக்குள் ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் ஒன்று பளிச்சென்று அடித்தது. அது அவர் கனவில் மின்னலாக வந்து போயிற்று. விழித்தபோது பூங்காவை மூடும் நேரம்.

சாயங்காலம் விடுதியின் சாப்பாட்டுக்கூடத்தில் ஒப்பீடு நடந்தது.

"அக்கா எப்படி?"

"வயசாயிடுச்சுங்க. எல்லாத்துக்கும் ஒரு மணி நேரம் வரிசை. நிழலே இல்ல. இடிமுழக்கம் ரெண்டு நிமிஷம், அதுக்கு நின்ன நேரத்துல நான் ஒரு ரவிக்கை தச்சிருப்பேன். தங்கை எப்படி?"

"வரிசையே இல்ல. குளுகுளுன்னு இருக்கு. எல்லாத்துலயும் ஏறிட்டேன்."

"படகு?"

"மூணு தடவை."

"ராட்டினம்?"

"அதுலயே உக்காந்து டீ குடிச்சேன்."

"கடைசியில 'பெருமூச்சு'ன்னு ஒண்ணு இருக்காமே?"

அப்படி ஒன்றை அவர் கேள்விப்பட்டதே இல்லை. பெயரைப் பார்த்தால் சாய்வு நாற்காலி மாதிரி இருந்தது. "அதுவா? ரெண்டு தடவை. தொட்டில் ஆட்டுற மாதிரி. தூக்கமே வந்திடுச்சுன்னா பாத்துக்கோ."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மகளுக்குப் புரையேறியது. தையல்காரம்மா அவள் முதுகில் தட்டிக்கொண்டே, "மெஷினைப் பத்தித் தெரிஞ்சவரு சொன்னா சரி. நாளைக்குத் தங்கைக்கே போவோம். பெருமூச்சுல உங்க பக்கத்துல நான்" என்றாள்.

"அதுக்கென்ன!" என்றார் லிப்டுக்காரர். ஐஸ்கிரீம் இன்னொன்று வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை. வாசலில் ரயில் ஓட்டுகிறவர் கையை ஆட்டினார். "வாங்கய்யா! இன்னைக்கும் நம்ம வண்டிதானா?"

"யாருன்னே தெரியல" என்று வேகமாக நடந்தார் இவர்.

பூச்செடி தாண்டி, வாத்துக்குளம் தாண்டி, மரக்கூட்டம் தாண்டித் திரும்பினால், ஒரு கோபுரம். முப்பது மாடி உயரம். சுற்றிலும் நாற்காலிகள். மெல்ல ஏறுகிறது, உச்சியில் நிற்கிறது, பிறகு அப்படியே விழுகிறது. கீழே வந்ததும் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

"ஏம்மா, இது... லிப்டு!"

"லிப்டுதாங்க. கதவு இல்ல, சுவர் இல்ல, தரை இல்ல. ரெண்டு தடவை ஏறினவருக்கு நான் சொல்லணுமா?"

"கயிறு சத்தம் சரியில்ல. மெக்கானிக் சொல்றேன், கேளு."

"நேத்து தூக்கம் வந்துச்சுன்னீங்களே, அப்போ சரியா இருந்துச்சா?"

அதற்குள் வரிசை நகர்ந்து, கம்பி மடியில் பூட்டிக்கொண்டது. ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் மனைவி. ஏறத் தொடங்கியது. கண்ணை இறுக்கி மூடினார்.

"கண்ணைத் திறங்க."

"திறந்துதான் இருக்கு."

"பொய் சொல்லாதீங்க, உச்சிக்கு வந்தாச்சு."

ஒரு கண்ணைத் திறந்தார். தூரத்துச் சாலையில் பஸ்ஸெல்லாம் தீப்பெட்டியாக ஊர்ந்தன.

"நீங்க சொன்ன மாதிரியேதாங்க இருக்கு" என்று தையல்காரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பதினஞ்சு வருஷமானாலும் கூட்டிட்டு வந்துட்டீங்க."

அந்த நொடி அவருக்குப் பயம் போயிற்று. அடுத்த நொடி பூமி போயிற்று. அவர் "அம்மா" என்று அலறியதில் வாத்துகள் குளத்தைவிட்டு எழுந்து போயின.

இறங்கினால், விழும்போது எடுத்த படம் எதிரே திரையில். "இதை மட்டும் வாங்கிடாதே" என்று கெஞ்சினார்.

"இது எதுக்குங்க? நேத்தே ஒண்ணு வாங்கிட்டேன்" என்று கைப்பையைத் திறந்தாள்.

நடந்தது இதுதான். அக்கா, தங்கை இரண்டுக்கும் புகைப்படக் கவுண்டர் ஒன்றே ஒன்று, விடுதி வாசலில். குடும்பத்துக்கே ஒரே எண். இடிமுழக்கப் படம் கேட்டு மகள் பட்டையைக் காட்டியிருக்கிறாள். கூடவே அப்பாவும் வந்துவிட்டார், பதினேழு சுற்றுக்குப் பதினேழு படமாக. அங்கிருந்த பெண் வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறாள்: "சார் நாள் பூரா ரயில்லயே இருந்துட்டாரே மேடம். எங்க பெருமூச்சு முப்பது மாடி, அதைப் பாக்கவே இல்லையே."

அதில் ஒரு படத்தைத்தான் தையல்காரம்மா வாங்கியிருந்தாள். வாய் பிளந்து தூங்கும் லிப்டுக்காரர். மடியில் ஏதோ குழந்தையின் தொப்பி. பக்கத்தில் அவரைப் பார்த்து அழும் இரண்டு வயசுக் குழந்தை.

வீட்டுக்கு வந்ததும் படத்துக்குச் சட்டம் போட்டாள். மேசை மேல் முக்காலியை வைத்து ஏறி, கூரையை ஒட்டி ஆணி அடித்து மாட்டினாள். இறங்கி, "பிடிக்கலைன்னா ஏறிக் கழட்டிக்குங்க" என்று முக்காலியை அங்கேயே விட்டுவிட்டு, தைக்கப் போய்விட்டாள்.