நாற்பத்தொன்றாம் எண் கேட்ட வசதி

நாற்பத்தொன்றாம் எண்ணிடமிருந்து வந்த புகாரை அவள் மூன்று முறை படித்துவிட்டாள்.

"வணக்கம். சேமிச்சா 'சேமிக்கப்பட்டது'ன்னு மட்டும் சொல்லுது. வேற ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. மதியம் ஒரு மணிக்கு மேல சேமிச்சா, சாப்பிட்டாச்சான்னு ஒரு வார்த்தை கேக்கலாம்ல? இந்த வாரத்துக்குள்ள இது வரலைன்னா நான் இனிமே எழுதப் போறதில்ல. உடம்பைப் பாத்துக்கோங்க."

எழுத்துச் செயலி ஒன்றைச் செய்து விற்கும் அலுவலகம் அது. வாங்கியவர்கள் அனுப்பும், பெயரில்லாமல் எண் மட்டும் போட்டு வரும் குறைகளைப் படித்து, 'பிழை' அல்லது 'இல்லாத வசதி' என்று குறியிட்டு, 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் போடுவது அவள் வேலை. அதனால் அவளுக்குப் புகார் அக்கா என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நேரில் யாரும் எப்படியுமே கூப்பிட்டதில்லை.

வருகிற குறைகளில் பாதி வசவு. நாற்பத்தொன்று மட்டும்தான் வணக்கம் சொல்லித் தொடங்கும். கர்சர் நிறுத்திய இடத்தில் நிற்கவில்லை என்று ஒரு நாள் எழுதும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி உடைகிறது என்று இன்னொரு நாள். அவளுக்கென்று வரும் கடிதம் உலகத்தில் அது ஒன்றுதான். அதுவும் நின்றுவிட்டால்?

யாரோ பாவம், சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட நாதியில்லை என்று நினைத்தாள்.

'இல்லாத வசதி' என்று குறித்தால் மூன்று வருடம் ஊறும். பிழை என்றால் ஒரே நாளில் ஆள் பார்ப்பார்கள். அவள் 'பிழை, அவசரம்' என்று குறித்தாள்.

பிழை திருத்துகிறவருக்குக் காதுமூடி என்று பெயர். எந்நேரமும் ஹெட்போன். எழுதியிருப்பதை எழுதியபடியே செய்வார். கிணற்றில் குதிக்கவும் என்று குறித்திருந்தால், எந்தக் கிணறு என்று மட்டும் கேட்டிருப்பார்.

மறுநாள் பன்னிரண்டாயிரம் பேரின் திரையில், மதியம் ஒரு மணிக்கு, 'சாப்பிட்டாச்சா?' என்று வந்தது. செயலி நாலு நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே சேமித்துக்கொள்ளும் என்பதை அவள் மறந்திருந்தாள்.

ஒரு வக்கீல் எழுதினார்: "கட்சிக்காரர் எதிர்ல உக்காந்திருக்கார். பத்து தடவை கேட்டுடுச்சு. 'நீங்க முதல்ல சாப்பிடுங்க சார், கேஸை அப்புறம் பாக்கலாம்'னு அவர் எழுந்து போயிட்டார்."

ஒரு கல்லூரி மாணவி எழுதினாள்: "எங்கம்மா தொல்லை தாங்காமத்தான் விடுதிக்கே வந்தேன்."

அவள் காதுமூடியிடம் ஓடினாள்.

"ஆச்சு, இல்லைன்னு ரெண்டு பொத்தான் வெச்சிடலாமா? ஆச்சுன்னா அன்னைக்கு மறுபடி கேக்கக் கூடாது."

"இல்லைன்னா?"

அதை அவள் யோசிக்கவில்லை. "இல்லைன்னா... சாப்பிட்டு வரச் சொல்லணும்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு அரை மணி?"

அவர் எழுதிக்கொண்டார்.

அடுத்த நாள் முதல், 'இல்லை' என்று அழுத்தியவர்களுக்குச் செயலி அரை மணி நேரம் பூட்டிக்கொண்டது. உண்மை பேசிய ஒரு செய்தியாளரின் செய்தி உள்ளே மாட்டிக்கொண்டது. ரத்தப் பரிசோதனைக்காகப் பட்டினி கிடந்த ஒருவர் கேட்டார்: "டாக்டர் சாப்பிடாதேங்கறார். நீங்க சாப்பிட்டாத்தான் திறப்பேங்கறீங்க. நான் யார் பேச்சைக் கேக்கறது?"

அலுவலகத்தில் எல்லோருமே அந்தச் செயலியில்தான் எழுதுவார்கள். பூட்டு எப்படி என்று பார்க்க அவளும் 'இல்லை' அழுத்தினாள். பூட்டிக்கொண்டது. அரை மணி என்ன செய்வது? சாப்பாட்டு அறையில் மேஜைக்கு நாலு பேராக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஐந்தாவது நாற்காலியை இழுத்துப் போடும் தைரியம் அவளுக்கு வந்ததில்லை. வேறு வழியில்லாமல் தன் மேஜையிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள்.

அன்று மாலை வாசலில் பைகளைச் சோதிக்கும் காவல்காரம்மா அவள் டப்பாவை எடுத்து, காதருகே ஆட்டிப் பார்த்து, சிரித்தார். டப்பாவுக்குள் வைத்து எதைக் கடத்தப் போகிறேன் என்று அவளுக்குக் கோபம் வந்தது. பையை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

பட்டினிக்காரருக்காக மூன்றாவதாக ஒரு பொத்தான் வைத்தார்கள்: 'அப்புறம்'. அதை அழுத்தினால் 'அப்புறம்னா எப்போ?' என்று கேட்டது. அதற்குப் பதில் சொன்னால், சொன்ன நேரத்துக்கு நினைவூட்டியது. சொல்லாவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்டது.

மேலாளர் அவளைக் கூப்பிட்டார்.

"புகாரைக் குறைக்கத்தானே உங்களை வெச்சிருக்கோம்? நீங்க தண்ணி ஊத்தி வளக்கறீங்க."

"ஒருத்தங்க ரொம்ப ஆசையாக் கேட்டாங்க சார்."

"ஒருத்தங்க கேட்டா? இது எழுதற செயலியா, கல்யாண வீட்டுப் பந்தியா? இன்னைக்கே எடுக்கச் சொல்லுங்க."

எடுத்தார்கள். நன்றி வாசகத்தை விட்டுவிட்டு, முதல் தடவையாக அவள் நாற்பத்தொன்றுக்குச் சொந்தமாகப் பதில் எழுதினாள்: "மன்னிக்கவும். எங்களால் முடிந்தது மூன்று நாள்தான். அதற்காக எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள்."

பதில் இல்லை. மறுநாளும் இல்லை. வசவுகள் மட்டும் ஒழுங்காக வந்தன. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் காதுமூடியிடம் போய் நின்றாள்.

"நாப்பத்தொண்ணு யாருன்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். அதில் பாட்டு எதுவும் ஓடவில்லை.

"அது ஆளோட நம்பர் இல்லைங்க. கீழ் ஹால்ல, வர்றவங்க தட்டிப் பாக்கட்டும்னு ஒரு கம்ப்யூட்டர் போட்டிருக்கோமே, அதோடது. அதுல எழுதறவங்க யாரா வேணா இருக்கலாம்."

மாலையில் அவள் எல்லோரும் போகும்வரை காத்திருந்து கீழே இறங்கினாள். வாசலை ஒட்டி அந்தக் கம்ப்யூட்டர். எதிரே ஒரு காலி நாற்காலி. பக்கத்தில் காவல்காரம்மா பையைச் சோதிக்கக் கையை நீட்டியபடி நின்றிருந்தார்.

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் அவரிடம் பேசினாள்.

"ஏங்க, இதுல ஒருத்தங்க உக்காந்து எங்களுக்கு எழுதுவாங்க. நீங்க பாத்திருக்கீங்களா?"

காவல்காரம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எதுக்கு? ஏதாவது தப்பா?" என்றார்.

"தப்பெல்லாம் இல்லைங்க. பாவம், சாப்பிட்டியான்னு கேக்க அவங்களுக்கு ஒரு ஆள் இல்ல போல. அதான் நேர்ல பாத்து நானாவது கேக்கலாம்னு."

காவல்காரம்மா அவள் பையைத் திறந்தார். டப்பாவைத் தூக்கி, உள்ளங்கையில் கனம் பார்த்துவிட்டு, மெதுவாக உள்ளே வைத்தார்.

"எனக்காக ஒண்ணும் கேக்கலம்மா, ரெண்டு வருஷமா கொண்டுவந்த சாப்பாட்டை அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போறீங்க, எனக்கோ ஸ்டாஃப்கிட்ட வாய் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு, சரி, அந்த மெஷினாவது உங்களை ஒரு வார்த்தை கேக்கட்டும்னுதான் எழுதினேன்."