திப்பு காலத்துப் பூட்டு

சாமியைக் கண்டால் கும்பிடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். கும்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களையும் தெரியும். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. சாமியைக் கண்டதும் கையில் எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற இனம். பிறகு நகத்தால் சுண்டும், காதில் வைத்துக் கேட்கும், மூக்கருகே கொண்டுபோய் முகரும், யாரும் கவனிக்கவில்லை என்றால் நுனி நாக்கால் ஒரு நக்கு நக்கியும் பார்க்கும். கும்பிடுவது மட்டும் கிடையாது. 'ஏலத்தில் சாமி எடுப்பவர்' என்று இதற்கு நானே பெயர் வைத்திருக்கிறேன்.

எங்கள் ஓசூரில் இந்த இனம் செழிப்பதற்குக் காரணம் இருக்கிறது. சிப்காட்டில் ஒரு கம்பெனி மூடினால் அடகுக்கடையில் பித்தளை குவியும். மதுரைப் பக்கமிருந்தும் விருதுநகர்ப் பக்கமிருந்தும் வேலை தேடி வந்த குடும்பங்கள் ஊரிலிருந்து கூடவே கொண்டுவந்த காமாட்சி விளக்கு, குங்குமச் சிமிழ், பூஜை மணி, தூபக்கால் எல்லாம் முதலில் அடகுக்குப் போகும். மீட்க முடியாமல் ஏலத்துக்கு வரும். அங்கே நம்மவர் காத்திருப்பார். ஒரு வீட்டில் விளக்கு அணைந்தால்தான் இவர் அலமாரியில் விளக்கு கூடும். இதைச் சொல்லிப் பாருங்கள், கோபம் பொத்துக்கொண்டு வரும். "நான் இதையெல்லாம் பாதுகாக்கிறேன் சார்!" என்பார். யாரிடமிருந்து? தினமும் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுக் கொளுத்திய பெண்பிள்ளையிடமிருந்தா?

மாதிரிக்கு எங்கள் எதிர்வீட்டு வெள்ளைச்சாமியை எடுத்துக்கொள்ளலாம். ஹவுசிங் போர்டு காலனியில் சொந்த வீடு, கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் உத்தியோகம். தலைமுடியின் பருமனை மைக்ரோமீட்டரில் அளந்து, ஒரு இழை கூடினால் பெட்டியோடு திருப்பி அனுப்புகிற மனுஷர். ஏலத்துக்குப் போனால் மட்டும் அளவும் கிடையாது, கருவியும் கிடையாது. "எந்தக் காலம் சார் இது?" என்று கேட்டால், "ஒய்சாளர் காலம், கொஞ்சம் நாயக்கர் சாயல் அடிக்குது" என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால், "பார்த்தாலே தெரியல?" என்பார். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதுதான் அவருக்குப் பலம்.

ஏலத்துக்கு அவர் போகிற அழகே தனி. இருப்பதிலேயே பழைய சட்டையைத் தேடிப் போட்டுக்கொள்வார், வசதி தெரியக் கூடாதாம். எந்தப் பொருள் மேல் ஆசையோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். வேண்டாத பொருளை எடுத்து நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "இதெல்லாம் இப்ப யாரு சார் வாங்குறா?" என்று அலுத்துக்கொள்வார். பெரிய சாணக்கியத்தனம் என்று நினைப்பு. தளிப் பக்கத்துக் கோயில்களில் ஏலம் கூறுகிற கங்கப்பன் இதைப் பார்த்துப் பார்த்து ஒரு விதியே வகுத்து வைத்திருக்கிறார்: வெள்ளைச்சாமி சார் முதுகு எந்தப் பக்கமோ, விலை ஏறுவது அந்தப் பக்கம்.

வீட்டுக்கு வந்த பொருளைத் துடைக்கக் கூடாது. அந்த வீட்டில் புளி ரசத்துக்கு மட்டும்தான். அவர் மனைவி ராசாத்தியம்மா ஒருமுறை பாவம் தெரியாத்தனமாக ஒரு கைமணியைப் புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக மினுக்கி வைத்துவிட்டார். "முன்னூறு வருஷத்தை அரை மணி நேரத்துல கழுவிட்டியேடி, பாவி!" என்று அலறியவர், அந்த வாரம் முழுக்க வீட்டில் வாய் திறக்கவில்லை. பச்சைக் களிம்பு இருந்தால்தான் பழமை. நம் வீட்டில் பித்தளையில் களிம்பு ஏறினால் பெண்டாட்டியை ஏசுவோம். இவர்கள் களிம்பு போனால் ஏசுகிறார்கள். பெண்டாட்டிக்கு எந்தப் பக்கமும் ஏச்சுதான்!

இப்படிச் சேர்ந்து சேர்ந்து வீட்டின் இரண்டாவது அறை நிறைந்துவிட்டது. மகள் மோகனப்ரியா படித்து வளர்ந்த அறை அது. அவளைக் கட்டிக்கொடுத்த மறுமாதமே கட்டிலை விற்றுவிட்டு அலமாரி அடித்தார். ஒரு தட்டு முழுக்க மணி, ஒரு தட்டு முழுக்க நாகர். பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் கோயிலில் கட்டிவிட்டுப் போன சின்னச் சின்னப் பித்தளைத் தொட்டில்கள் மட்டும் ஒரு தட்டு.

அந்த நேரத்தில்தான் மோகனப்ரியா உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? ராசாத்தியம்மா பூரித்துப்போய்ப் புருஷனிடம் சொன்னார்.

"ஏங்க, அந்த ரூமைக் காலி பண்ணணும். பிள்ளை வரப் போறா."

"ஹால்ல படுத்துக்கட்டும். காத்தோட்டமா இருக்கும்."

"பச்சை உடம்புக்காரி, வர்றவன் போறவன் முன்னாடி ஹால்ல படுத்துக் கிடப்பாளா? என்ன பேச்சுப் பேசுறீங்க?"

"அந்த ரூம்ல ஈரப்பதம் மாறக் கூடாதுடி. ஒவ்வொண்ணும் பீஸ். சொன்னா உனக்குப் புரியாது."

அறை நிறையத் தொட்டில் வைத்திருப்பவர் வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தொட்டில் கட்ட இடமில்லை. செய்தி கிருஷ்ணகிரியில் சம்பந்தி வீட்டுக்கு எட்டியதும், "உங்களுக்குச் சிரமம்னா நாங்களே இங்க பார்த்துக்கிறோம்" என்று சம்பந்தியம்மா போனில் இனிமையாகச் சொன்னார். அந்த இனிமை இருக்கிறதே, அது செருப்படியைவிட மோசம். ராசாத்தியம்மா அன்று அழுதது எங்கள் வீடு வரை கேட்டது.

பக்கத்து வீட்டு நாராயணம்மாதான் வழி சொன்னார். தெலுங்கு வீட்டுக்காரர், தளிப் பக்கத்துக் கோயில் எல்லாம் அத்துப்படி.

"ராசாத்தி, அழுவாதே. பூட்டு முனியப்பன் இருக்கார். புருஷனுக்குக் குடி ஜாஸ்தின்னா பூட்டு, மாமியாருக்கு வாய் ஜாஸ்தின்னா பூட்டு. கம்பியில பூட்டி விட்டு சாவிய நீ வெச்சுக்கோ. காரியம் ஆனா போய்த் திறந்துட்டு வா."

"ஏலத்துக்குக் கை தூக்குறதுக்குக்கூடப் பூட்டு உண்டாக்கா?"

"தேவுடா! அதுக்கும் சேர்த்துப் பூட்டு!"

ராசாத்தியம்மாவிடம் ஒரு பூட்டு இருந்தது. கல்யாணச் சீராக வந்த தகரப் பெட்டியின் பித்தளைப் பூட்டு. குடும்பத்தோடு ஓசூருக்கு வந்தபோது கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் பஸ் கூரையிலிருந்து பெட்டி விழுந்து, பூட்டின் வயிற்றில் ஒரு சொட்டை. பெட்டியை வெள்ளைச்சாமி பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டார், அதில் பழமை இல்லையாம். பூட்டு மட்டும் அடுக்களை டப்பாவில் கிடந்தது. அதைக் கொண்டுபோய், "சாமி, இவர் கையைக் கட்டு, எம் பிள்ளைக்கு அந்த ரூமை வாங்கிக் கொடு" என்று வேண்டி, முனியப்பன் கம்பியில் பூட்டிவிட்டு, சாவியை இடுப்புக் கொத்தில் சேர்த்துக்கொண்டு திரும்பினார்.

முனியப்பன் என்ன செய்தார் தெரியுமா?

கம்பியில் பூட்டுகளின் பாரம் தாங்காமல் தூணே சாய்ந்துவிட்டது. ஆடித் திருவிழாவுக்கு முன்னால் கோயில்காரர்கள் கம்பியை அறுத்து, பழசு புதுசு பார்க்காமல் எல்லாவற்றையும் இறக்கி, சாமியிடம் பூப்போட்டு உத்தரவு கேட்டு, மணி ஒரு குவியல், வேல் ஒரு குவியல், பூட்டு ஒரு குவியல் என்று ஏலத்துக்கு விட்டுவிட்டார்கள். நம்மவர் போகாமல் இருப்பாரா? போனார். பூட்டுக் குவியலுக்கு முதுகைக் காட்டினார். கங்கப்பன் உடனே அந்தக் குவியலின் மேலாக இருந்த ஒன்றை எடுத்துத் தனியாக உயர்த்திப் பிடித்தார். பாலும் தயிரும் மஞ்சளும் மழையும் மூன்று நாலு மாதம் மாறி மாறி ஊறியதில் பச்சைப்பசேல் என்று களிம்பேறிய பூட்டு, வயிற்றில் ஒரு சொட்டையோடு.

ஏலம் கேட்கப் போட்டிக்கு ஆள் இருந்தது. கிருஷ்ணகிரியில் மாங்கூழ்த் தொழிற்சாலை வைத்திருக்கும் பூபதி; அவரும் அதே இனம். பூபதி கை தூக்க, வெள்ளைச்சாமி தூக்க, கங்கப்பன் "ஒந்து சாரி... எரடு சாரி..." என்று கன்னடத்தில் இழுத்து இழுத்து, பூபதி சலித்துப்போய்க் கையை இறக்கிய பிறகுதான் "மூணு தரம்!" என்று தமிழில் முடித்தார்.

"சாவி இல்லீங்க சார்" என்று நியாயமாகச் சொல்லியும் பார்த்தார் கங்கப்பன்.

"சாவி இல்லைன்னாத்தான்யா மதிப்பு!"

வீட்டுக்கு வந்ததும் வெல்வெட் துணி விரித்து ஹாலில் வைத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் காப்பியோடு சரித்திரமும் கிடைத்தது. "திப்பு காலத்துப் பூட்டு சார். இந்தக் களிம்பு ஏற இருநூறு வருஷம் ஆகும். இதைத் திறக்கிற சாவி இன்னிக்கு உலகத்துலயே கிடையாது. இந்தச் சொட்டை என்ன தெரியுமா? துப்பாக்கிக் குண்டு பட்ட தடம்!" எனக்கும் காட்டினார். நானும் தலையை ஆட்டினேன். காப்பி நன்றாக இருந்தது.

ராசாத்தியம்மா பூட்டைப் பார்த்தார். சொட்டையைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். மறுநாள் அவர் ஷிப்டுக்குப் போனதும் இடுப்புச் சாவியைப் போட்டுத் திருப்பினார். திறந்தது. சாமிக்குப் பூட்டிய பூட்டு, வேண்டுதல் பலிக்காமல் வீட்டுக்கே திரும்பிவிட்டதே என்று முதலில் நெஞ்சு பதறியதாம். பிறகு, "சும்மாவா திருப்பி அனுப்புவார் முனியப்பன்?" என்று தோன்றியதாம். இதை என் மனைவியிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். என் மனைவி என்னிடம் மட்டும் சொன்னாள். நான் உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச்சாமி பூபதியோடு பெங்களூர் ஏலத்துக்குக் கிளம்பினார். அவர் கார் தெருமுனை திரும்பியதும் ராசாத்தியம்மாவும் நாராயணம்மாவும் என் மனைவியும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டார்கள். ஒய்சாளர், நாயக்கர், பல்லவர் எல்லோரும் சாக்கில் ஏறி மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன அறைக்குள் போனார்கள். கதவைச் சாத்தி, நாதாங்கியில் அந்தப் பூட்டைப் போட்டுப் பூட்டினார் ராசாத்தியம்மா. புளி போட்டுத் தேய்க்கவில்லை. புருஷன் சொல் தட்டாத பெண்.

சாயங்காலம் வெள்ளைச்சாமி வந்தபோது கூடவே பூபதியும் இறங்கினார், சேகரிப்பைப் பார்க்க வேண்டுமாம். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். அறைக் கதவைப் பெருமையாகத் திறந்தார். உள்ளே புதுக் கட்டில். கொசுவலை. உத்தரத்தில் சேலைத் தொட்டில் கட்டக் கயிறு. கட்டிலில், மத்தியானமே கிருஷ்ணகிரியிலிருந்து வந்து இறங்கியிருந்த மோகனப்ரியா நிறைவயிற்றோடு ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"வாங்கப்பா" என்றாள்.

"ஏய்... எங்கடி எல்லாம்?"

"படிக்குக் கீழ பத்திரமா இருக்கு. ஈரப்பதம் மாறாது" என்றார் ராசாத்தியம்மா.

ஓடினார். கதவில் பச்சைப் பூட்டு தொங்கியது. பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"சாவி எங்கடி?"

"சாவியா? உலகத்துலயே கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பூபதி சார், உங்ககிட்டயும் சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரும்மா, சொன்னாரு" என்றபடி பூபதி குனிந்து லென்ஸை வைத்துப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அட்டா, என்னா களிம்பு! இருநூறு வருஷத்துக்குக் குறையாது."

ராசாத்தியம்மா புருஷன் பக்கமாக நெருங்கிக் குரலைத் தாழ்த்தினார். "வேணும்னா இப்பவே திறக்கிறேன். இது எந்தப் பெட்டியோட பூட்டு, இந்தச் சொட்டை எந்த பஸ் ஸ்டாண்டுல விழுந்துச்சுன்னு சாருக்கும் சொல்லிட்டுத் திறக்கிறேன். சொல்லவா?"

வெள்ளைச்சாமி சொட்டையைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். இத்தனை வருஷ அனுபவத்தில் முதல்முறையாக ஒரு பொருளின் காலத்தை அவர் சரியாகக் கணித்த நேரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"இன்னிக்கு வேண்டாம் பூபதி சார்" என்றார். "திப்பு காலத்துப் பூட்டு. தொட்டாப் போயிடும்."

நாதாங்கியை அறுத்துவிடலாமே என்று பூபதி யோசனை சொன்னார். "அதிர்ச்சி தாங்காது சார்" என்று பதில் வந்தது. யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

பேரன் பிறந்துவிட்டான். சேலைத் தொட்டிலை ஆட்டுவது தாத்தாதான். வாங்கினால் வைக்க இடமில்லாததால் ஏலத்துக்கும் போவதில்லை. காரியம் ஆனால் பூட்டைத் திறக்க வேண்டும் என்பது முனியப்பன் கணக்கு. "ஆயிடுச்சான்னு எனக்கு இன்னும் நிச்சயமாத் தெரியலையே" என்கிறார் ராசாத்தியம்மா.

ஏலமாவது சாமியாவது, நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சிரித்துக்கொண்டு எழுந்து போகப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் இருங்கள். உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது? பாடாத ரேடியோவா, ஓடாத கடிகாரமா, படிக்காத பத்திரிகைக் கட்டா? அதைத் தொட்டால் கையை முறிப்பேன் என்று யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா? எதற்கும் இன்றைக்கு வீட்டம்மாவின் சாவிக்கொத்தை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வீட்டில் இருக்கிற எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி அதில் தொங்கினால், அது எதனுடையது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பேசாமல் போய் ஒரு அறையைக் காலி செய்து கொடுங்கள்.