பதினோரு முதுகுகள்

போட்டோவில் பதினோரு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். பந்து இருந்தது. பின்னால் பாதி வெட்டியெடுத்த ஒரு மலையும், தகரக் கூரைகளும், வேலியில் காய்ந்துகொண்டிருந்த யாருடையதோ ஒரு போர்வையும் இருந்தன. கடையின் பெயர் மட்டும் இல்லை.

கண்ணாடிக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு லென்சில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்தார். பெயர் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் ஜெர்சியிலும், நெஞ்சுக்கு ஓரமாக, தீப்பெட்டி அகலத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ இருந்தது.

அச்சடித்தவரைக் குறை சொல்ல முடியாது. ஜெர்சியில் என்ன போடவேண்டும் என்று அவர் கேட்டபோது கடைப் பெயர், முகவரி, போன் நம்பர், கண் பரிசோதனை இலவசம், ஞாயிறு உண்டு, பழைய ஃப்ரேமுக்குப் புது லென்ஸ் மாற்றித் தரப்படும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தது இவர்தான்.

உள்ளே லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி மெஷினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதைப் படிக்கிற அளவுக்குக் கண்ணு தெரிஞ்சவன் எதுக்குங்க நம்ம கடைக்கு வரப்போறான்?"

அவர் எதிர்ப்புறம் பார்த்தார்.

எதிர்ப்புறத்தில்தான் வினை இருந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு பெரிய கண்ணாடிக் கடை வந்தது. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு குத்துச்சண்டைக்காரனின் படம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தெருவையே ஒரு குத்து விடப்போகிறவன் போல நின்றான். இருபது வருஷமாக இவரிடம் கண்ணைக் காட்டியவர்கள்கூடச் சாலையைத் தாண்டி அவனிடம் போனார்கள். போகிறவர்கள் இவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போனதுதான் அவருக்கு ஆறவில்லை.

போதாக்குறைக்கு இரண்டு கட்டிடத்துக்கும் சொந்தக்காரர் ஒருவரே. சரக்கு வைக்க இடம் பற்றவில்லை, அந்தச் சின்னக் கடையையும் எனக்கே கொடுங்கள் என்று எதிர்க் கடைக்காரன் கேட்டிருக்கிறான். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் வரைக்கும் பார்ப்போம் என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார். அந்த ஒரு மாதத்தில்தான் பெற்றோர் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு கண் பரிசோதனைக்கு வருவார்கள். அந்த வரிசை எந்தக் கடை வாசலில் நிற்கிறதோ அந்தக் கடை பிழைக்கும்.

குத்துச்சண்டைக்காரனை எதை வைத்து அடிப்பது என்று கண்ணாடிக்காரர் யோசித்தார். பிள்ளைகள் படம்தான் என்று தோன்றியது. அப்போதுதான் ஓர் அறக்கட்டளையின் விளம்பரம் கண்ணில் பட்டது. உலகம் முழுக்க வசதியில்லாத பகுதிகளில் பிள்ளைகளின் கால்பந்து டீம்கள் இருக்கின்றன. ஒரு டீமைத் தேர்ந்தெடுத்து ஜெர்சி, ஷூ, பந்து கொடுக்கலாம். ஜெர்சியில் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். மாதம் ஒரு கடிதம் மட்டும் எழுதவேண்டும். மொழிபெயர்ப்பதையும் போட்டோ அனுப்புவதையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நாற்பது டீம்களின் படங்களைப் புரட்டியவர், கடல் தாண்டி எங்கோ ஒரு கல் குவாரியின் அடிவாரத்திலிருந்த இந்தப் பெண்கள் டீமைத் தேர்ந்தெடுத்தார். காரணம், கோல்கீப்பர் பெண் கண்ணாடி போட்டிருந்தாள். ஒரு பக்கம் காதில் மாட்டும் கம்பி இல்லை. சணல் கயிற்றால் கட்டியிருந்தாள். அவளுடைய பவர் என்ன என்று கேட்டு எழுதி, உடையாத லென்ஸில், தலைக்குப் பின்னால் ரப்பர் பட்டை வைத்து ஒன்று செய்து முதல் பார்சலோடு அனுப்பினார். அதை யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும். லென்ஸ் தேய்த்தது அவள்தானே.

சரி, எழுத்து சின்னதாகப் போய்விட்டது. இரண்டாவது ஜெர்சி தயாரானது. இந்த முறை கடைப் பெயர் மட்டும், முதுகு முழுக்க, எழுத்துக்கு ஒரு சாண்.

மூன்று வாரம் கழித்துப் போட்டோ வந்தது. பதினோரு பேரும் கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சில் ஒன்றும் இல்லை. வெறும் மஞ்சள் துணி.

"முதுகுல போட்டா முதுகுலதான் இருக்கும். உங்களுக்காகக் கழுத்தையா திருப்பி வச்சுக்க முடியும்?" என்றாள் மனைவி.

திரும்பி நிற்கச் சொல்லி எழுதினார். பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள். அடுத்த போட்டோவில் பதினோரு முதுகுகள் இருந்தன. பெயர் பளிச்சென்று தெரிந்தது. பெரிதாக்கி, சட்டம் போட்டு, வாசலில் மாட்டினார். அன்று மாலையே தபால்காரர் நின்று பார்த்துவிட்டு, ஏன் எல்லாப் பிள்ளைகளும் உங்கள் கடையிலிருந்து ஓடுகிறார்கள் என்று அக்கறையாக விசாரித்தார். எதிர்க் கடைக்காரன் வெளியே வந்து பார்த்தான். தன்னுடைய குத்துச்சண்டைக்காரனைப் பார்த்தான். மறுபடி முதுகுகளைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

சட்டத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, கண்ணாடிக்காரர் பேனாவை எடுத்தார். அறக்கட்டளையின் கடிதத் தாளில் மேலேயே அச்சடித்திருந்தது: உங்கள் வாழ்க்கையைப் பிள்ளைகளுடன் மனம் திறந்து பகிருங்கள். இதுவரை அவர் அந்த இடத்தில் 'நலம்' என்று மட்டும் எழுதிவந்தார். அன்று திறந்தார். ஒரு போட்டோ ஏன் இவ்வளவு முக்கியம் என்று அந்தப் பிள்ளைகளுக்குப் புரியவேண்டாமா? குத்துச்சண்டைக்காரனை எழுதினார். கட்டிடக்காரரை எழுதினார். கடைக்குப் பின்னாலேயே இருக்கும் ஒற்றை அறை வீட்டை எழுதினார். மழை பெய்தால் கட்டில் மேலேயே ஒழுகுவதை எழுதினார். நான்கு பக்கம் போயிற்று.

மனைவி படித்துப் பார்த்தாள். "இது பிள்ளைங்களுக்கு எழுதுற லெட்டரா, போலீஸ் கம்ப்ளெயின்ட்டா?"

அடுத்த மாதம் போட்டோ வரவில்லை. கேள்விகள் வந்தன. டீம் கேப்டன் எழுதியிருந்தாள். மழை பெய்யும்போது நீங்கள் எங்கே தூங்குவீர்கள்? தினமும் எவ்வளவு நேரம் வேலை வாங்குகிறார்கள்? கடைசியாக எப்போது விளையாடினீர்கள்? உங்களுக்கு நண்பர்கள் உண்டா?

கண்ணாடிக்காரருக்கு எரிச்சல் தலைக்கேறியது. கேட்டது ஒரு போட்டோ. அதற்கு இத்தனை குறுக்கு விசாரணையா? இருந்தாலும் பதில் எழுதாவிட்டால் போட்டோ வராது. பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையாக எழுதினார். மழை பெய்தால் கட்டிலுக்கு அடியில் தூங்குகிறோம். காலை ஏழு மணியிலிருந்து இரவு ஒன்பது வரைக்கும், ஞாயிறும் உண்டு, எட்டு வருஷமாக ஒரு நாள் லீவு கிடையாது. விளையாடிய ஞாபகம் இல்லை. நண்பர்கள் எல்லாம் எதிர்க் கடையில் கண்ணாடி வாங்குகிறார்கள். தயவுசெய்து முகமும் பெயரும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு போட்டோ.

போட்டோ வந்தது. அதில் நான்கு பேர்தான் மஞ்சள் ஜெர்சியில் இருந்தார்கள். மற்ற ஏழு பேரும் ஆளுக்கொரு நிறத்தில் பழைய சட்டை போட்டிருந்தார்கள்.

மிச்சம் ஏழு ஜெர்சி எங்கே என்று அவர் கடிதம் எழுதி முடிப்பதற்குள் ஒரு பார்சல் வந்து இறங்கியது. ஒரு பெரிய நீலத் தார்ப்பாயை எட்டாக மடித்துச் சுற்றி, நீளமான கயிற்றால் கட்டியிருந்தது. பிரித்தார். துவைத்து, மடித்து, ஏழு மஞ்சள் ஜெர்சிகள். மேலே ஒரு சீட்டு. 'உங்களுக்கே இருக்கட்டும்.'

"பாத்தியா கொழுப்பை," என்றார். "நம்ம ஜெர்சியை நம்ம மூஞ்சிலேயே வீசிட்டாங்க."

"போட்டோ, போட்டோன்னு பிடுங்கினா வேற என்ன பண்ணுவாங்க?" என்றாள் மனைவி. ஆனால் அவளுக்கும் மனசு சரியில்லை. ஜெர்சிகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். பார்சல் சுற்றி வந்த தார்ப்பாய் நல்ல கனமாக இருக்கிறதே என்று, மாடிக்குப் போய் ஒழுகுகிற இடத்துக்கு மேலே விரித்து, அந்தக் கயிற்றாலேயே நாலு மூலையும் கட்டிவிட்டு வந்தாள். அன்றைக்கு மழை பெய்தது. பல மாதங்களுக்குப் பிறகு இருவரும் கட்டிலுக்கு மேலே படுத்தார்கள். அவர் மட்டும் தூங்காமல் கோபத்தோடு படுத்திருந்தார்.

விடிந்ததும் அறக்கட்டளைக்குப் போன் செய்து, கொடுத்ததைத் திருப்பி அனுப்புவது எந்த ஊர் மரியாதை என்று கேட்டார். எதிர்முனையில் பேசிய பெண் அவருடைய பெயரைக் கேட்டதும் குரலைத் தணித்தாள். உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம், வியாழக்கிழமை நானே நேரில் வருகிறேன், எதற்கும் கவலைப்படாதீர்கள் என்றாள்.

போனை வைத்ததும் கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வருஷா வருஷம் சிறந்த ஸ்பான்சர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று அவர்களுடைய தாளில் படித்திருந்தார். பரிசு கொடுத்தால் அதையே படம் பிடித்து வாசலில் மாட்டலாம். குத்துச்சண்டைக்காரன் எந்த மூலைக்கு?

வியாழக்கிழமை காலையில் முதல் வேலையாக மாடிக்குப் போய்த் தார்ப்பாயை அவிழ்த்தார். வெளியே இருந்து பார்த்தால் கடை மேல் நீலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய இடத்திலிருந்து ஆள் வரும்போது அகதி முகாம் மாதிரியா இருப்பது? மேகத்தைப் பாருங்க என்று மனைவி இரண்டு தடவை சொன்னாள். அவர் மேகத்தைப் பார்க்கவில்லை.

அறக்கட்டளைப் பெண் பின்னறைக்குள் வந்து உட்காரவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. கூரையிலிருந்து முதல் சொட்டு அவளுடைய படிவத்தின் மேலேயே விழுந்தது. அவள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு, அதையும் எழுதிக்கொண்டாள்.

எத்தனை அறை, தண்ணீர் தினமும் வருகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை பேர் கடைக்கு வருகிறார்கள் என்று கேட்டாள். பரிசு வாங்குகிறவன் அடக்கமாக இருக்கவேண்டும் என்பது கண்ணாடிக்காரருக்குத் தெரியும். "நாங்க என்னங்க பெருசா செஞ்சுட்டோம். ஏதோ ஓடுது," என்று தலையைக் குனிந்துகொண்டார். மனைவிக்கு அடக்கமெல்லாம் தெரியாது. வாரத்துக்கு மூன்று பேர் வந்தால் அதிகம், லென்ஸ் தேய்த்துத் தேய்த்து எனக்குத் தோள்பட்டை போயிற்று, இவர் சாப்பிடக்கூடக் கல்லாவை விட்டு எழுந்திருப்பதில்லை என்று உள்ளதைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் பேனா நிற்கவில்லை. ஒரு கட்டத்தில் மனைவியின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

பிறகு, வாசலில் நின்றால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

கண்ணாடிக்காரர் காத்திருந்தது இதற்குத்தான். அலமாரியைத் திறந்து ஒரு மஞ்சள் ஜெர்சியை எடுத்துச் சட்டைக்கு மேலேயே மாட்டினார். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குத் தைத்தது. தொப்புளுக்கு மேலே நின்றுவிட்டது. பெயர் முதுகில் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்து, முகமும் தெரியவேண்டும், முதுகும் தெரியவேண்டும் என்று இடுப்பை ஒரு பக்கமும் கழுத்தை ஒரு பக்கமும் முறுக்கிக்கொண்டு மழையில் நின்றார். எதிர்க் கடையில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மனைவி அவருக்குக் குடை பிடித்தபடி வேறெங்கோ பார்த்தாள்.

அந்தப் பெண் மூன்று படம் எடுத்தாள். கண்ணாடிக்காரர் உடம்பை நேராக்கிக்கொண்டு, இனிமேலும் பொறுக்க முடியாமல், பரிசு எப்போது அறிவிப்பீர்கள் என்று கேட்டார்.

"பரிசா?" அவள் படிவத்தை மழை படாமல் பைக்குள் வைத்தாள். "எங்க டீம் ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு தடவை, தங்களைவிடக் கஷ்டப்படுற ஒரு குடும்பத்தைத் தத்தெடுக்கணும் சார். இந்த வருஷம் பதினோரு பேரும் ஒரே மனசா உங்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்காங்க."