கிடாரம் வந்த வீடு

கற்பிட்டி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்புள்ள மனைவி சுல்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இவ்வீட்டில் நான் ஒருவன் மட்டுமே இருப்பதால், அல்லாஹ்வின் கிருபையால் இங்கு அனைவரும் சுகம். அங்கு நீயும், மகள் சிபானாவும், மருமகன் ஃபாஹிமும், புதிதாக வந்திருக்கும் பேரனும், சம்பந்தி வீட்டாரும், அவர்கள் வீட்டுக் குழாயும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். குழாயைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மகளின் பிள்ளைப்பேற்று நாற்பது நாள் முடிந்ததும் வந்துவிடுவேன் என்று போன நீ, பிள்ளை குப்புற விழுந்து தவழத் தொடங்கிய பிறகும் குருநாகலிலேயே நிற்கிறாய். "கற்பிட்டியில தண்ணி வெட்டுறாங்களாம் உம்மா, இங்கேயே நில்லுங்க" என்று மகள் சொல்வதுதான் இப்போது அதற்குக் காரணம் என்று அறிகிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுக் குசினி மேசையில் வைத்துவிடுகிறாய். சம்பந்தி அம்மா சலாம் சொல்கிறார், பேரன் அழுகிறான், யாரோ தேங்காய் துருவுகிறார்கள். அந்தச் சபையில் நான் கக்கூஸ் குழியைப் பற்றி எப்படிப் பேசுவது? வேறு சில விஷயங்களையும் பேச முடியாது. ஆகவே கட்டாக் கருவாட்டுப் பொதியோடு இக்கடிதத்தையும் பஸ்ஸில் அனுப்புகிறேன். நம் வீட்டில் கல்யாணம் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. நடந்தது இதுதான்.

போன வாரம் லுஹர் தொழுகைக்குப் பிறகு, பெரிய பைப் திருத்தப் போகிறார்கள், சில நாளைக்குத் தண்ணீர் வராது, நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அகதி முகாமில் தண்ணிப் பவுசருக்கு வரிசையில் நின்று பழகிய நீயாக இருந்தால் அறிவிப்பு முடியுமுன் பாதி வீட்டை நிரப்பியிருப்பாய். எனக்கோ எந்த வாளி எதற்கு என்பதே தெரியாது. சிவப்பு தொழுகைக்கு முன் வுழூச் செய்ய, நீலம் கக்கூசுக்கு என்று நீ சொல்லிவிட்டுத்தான் போனாய், ஆனால் நான் அதை மாற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுதும் கக்கூஸ் வாளியில் வுழூச் செய்து தொழுதுவிட்டு, பிறகு அத்தனையையும் திருப்பித் தொழுதேன். கிணற்றை நம்பலாம் என்றால் அது பழைய உப்புத் தண்ணி, குளித்தால் உடம்பு பிசுபிசுக்கிறது. பாத்திரம் போதாது என்று கண்டபோதுதான், பாடசாலையின் முன்னாள் பிரதி அதிபர் என்ற வகையில், எனக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளியில் கந்தூரிச் சாப்பாடு ஆக்குகிற பெரிய கிடாரங்கள் சும்மாதானே கவிழ்ந்து கிடக்கின்றன. பாங்கு சொல்லும் மோதினாரிடம் கேட்டேன், தந்தார். ஆனால் பள்ளிச் சாமானைப் பிரித்துத் தர மாட்டார்களாம். இரண்டு கிடாரம், மூடி, நீள அகப்பை, சோறு வடிக்கிற கூடை எல்லாம் ஒரே செட். த்ரீவீலரின் கூரையில் கட்டி, கடைத்தெரு வழியாக, அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பக்கத்து வீட்டு றம்லா வேலியோடு நின்றாள். "என்ன நானா, விசேஷமா?" என்றாள். தண்ணி நிரப்பத்தான் என்றேன்.

"தண்ணி நிரப்ப அகப்பை என்னத்துக்கு நானா?"

நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கிய நான் அகப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு உள்ளே போனேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. பெண்சாதி ஊரில் இல்லாத வீட்டுக்குப் பள்ளிக் கிடாரம் வந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று அப்போது எனக்குப் படவில்லை.

அடுத்தது குழி. தண்ணீர் இல்லாத வீட்டில் குழி நிரம்புமா என்று கேட்காதே. பெய்த மழையில் நிலத்துத் தண்ணி ஏறி, கக்கூஸில் ஊற்றுவது எதிர்த்து வரத் தொடங்கியது. குழி இறைக்கிற பவுசர்காரன் ஸியாத் ஒருவழியாக வந்து, குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, "குழி மூடி எங்க ஈக்குது சேர்?" என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? மகளின் கல்யாணத்துக்கு முற்றம் முழுக்க மணல் பரப்பியபோது மூடியும் அதற்குள் போய்விட்டது. நான் நீ உடுப்புக் கழுவுகிற கல்லில் குந்தியிருந்து, இங்கே தோண்டு, அங்கே தோண்டு என்று மேற்பார்வை செய்தேன். ஸியாத்தும் அவன் ஆட்களும் நாலு மூலையிலும் தோண்டினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் றம்லா யாருக்கோ, "பந்தல் காலும் நடுறாங்க" என்று சொல்வது கேட்டது.

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி ட்ரஸ்டி ஸலாஹுதீன் அத்தர் மணக்க வந்து கதிரையில் உட்கார்ந்தார். "சேர், தப்பா எடுக்க வேணாம். ரெண்டாவது நிக்காஹ் எண்டாலும் பள்ளியில ஒரு சொல்லுச் சொல்லணும் தானே" என்றார்.

"ஸலாஹுதீன், அது கக்கூஸ் குழி."

"ஓம் ஓம். சுல்பா ராத்தாக்குத் தெரியுமா?"

குழிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய் மணக்கவும் வைத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டும் மனுசன் நம்பவில்லை. கிடாரத்தைத் திறந்து தண்ணீரைக் காட்டினேன். "உலையும் வச்சாச்சு" என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

இப்போதைய நிலவரம் இது. குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது. முற்றம் குழி குழியாகக் கிடக்கிறது. மூடி இருக்கும் இடம் தெரிந்தால் கூப்பிடுங்கள் என்று ஸியாத் போய்விட்டான். அது தெரிந்த ஆள் நீ ஒருத்திதான். ஒன்று சொல்கிறேன் சுல்பா, ஏசாதே. தண்ணி வெட்டுறதுக்கு முந்தி ஒரு நாள் காலையில நான் வேணுமெண்டே குழாயத் திறந்து விட்டுட்டு முன்னுக்கு வந்து இருந்தேன். நீ இருந்தா குசினியிலிருந்தே, "குழாயப் பூட்டுங்க, தண்ணி போகுது, உங்கட வாப்பா வீட்டுத் தண்ணியா?" எண்டு கத்துவாய். தண்ணி அது பாட்டுக்குப் போச்சு. ஒருத்தரும் ஏசல்ல. நானே எழும்பிப் போய்ப் பூட்டினேன். அண்டைக்குச் சாப்பிட மனம் வரல்ல. நீ இல்லாத வீடு எனக்குப் புடிக்கல்ல, அவ்வளவுதான். இதைத்தான் ஸ்பீக்கரில சொல்ல ஏலாம இருந்தது.

சம்பந்திமாருக்கு என் சலாம். மருமகனுக்கும் மகளுக்கும் துஆ. பேரனின் இரண்டு கன்னத்திலும் எனக்காகக் கொஞ்சு. கருவாட்டை வெயிலில் ஒருமுறை போட்டு எடுக்கவும். அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் பரக்கத்தைத் தரட்டும்.

இங்ஙனம்,
உன் கணவன்,
எம். சாஹுல் ஹமீது
(ஓய்வுபெற்ற பிரதி அதிபர்)

பி.கு: மேலே நிலவரம் என்று எழுதியது பழைய நிலவரம். பைப் வேலை சொன்ன நாளுக்கு முந்தியே முடிந்து, தண்ணீர் தாராளமாக வருகிறது. மூடியும் அன்றைக்கே கிடைத்துவிட்டது, ஸியாத் போய்விட்டான் என்றது நீ வரட்டும் என்று எழுதியது. நான் தேத்தண்ணி ஊற்ற எழும்பிய நேரம் ஸியாத் நான் குந்தியிருந்த கல்லைப் புரட்டினான், அதற்குக் கீழேதான் இருந்தது. அடையாளத்துக்கு நீ வைத்த கல் என்று பிறகுதான் விளங்கியது. குழி காலி, முற்றமும் மூடியாச்சு. கிடாரத்தை மட்டும் பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை, றம்லாவுக்குத் தெரிகிற மாதிரி வாசலில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். "சுல்பாக்கு மட்டும் சொல்லிராதீங்க" என்று அவளிடம் கெஞ்சியும் கேட்டேன். அதனால் இந்நேரம் சொல்லியிருப்பாள். நம்பாதே என்று மேலே எழுதினேன், கொஞ்சம் நம்பினாலும் காரியமில்லை, வந்து பார்த்துவிட்டு ஏசு. தண்ணி வந்துட்டு சுல்பா. நீதான் வரல்ல.