அக்காவின் காதலை நடத்தும் தங்கை

அக்காவின் காதலை அக்காவிடமே விட்டுவைக்க மனம் வராத தங்கைகள் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரிந்த வீடுகளில் கட்டாயம் ஒருத்தி இருப்பாள். அவளுக்கென்று காதல் கிடையாது. நேரம் ஏது? அக்கா ஒருவனைப் பார்த்து ‘இன்னைக்கு நல்ல மழை’ என்று சொல்லிவிட்டால் போதும். அவன் படித்த பள்ளி, பழைய காதலி, செருப்பு அளவு எல்லாவற்றையும் சாயங்காலத்துக்குள் திரட்டி, அடுத்த விருந்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி கிடைக்க ஏற்பாடு செய்து, எல்லாம் தற்செயல் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வாள். அந்தத் தற்செயலுக்கு அவள் படும் பாடு இருக்கிறதே!

குல்பரா என்ற சிற்றூரின் ஜார்ஜி இந்த இனத்தில் முதல் தரம். ஊர் நூலகத்தில் வேலை. மிச்ச நேரமெல்லாம் அக்கா. அக்கா கிர்ஸ்டன் ஆட்டுப்பண்ணையைத் தனியாளாக நடத்துபவள், பேச்சில் கஞ்சம். ஊருக்குப் புதிதாக வந்த கால்நடை மருத்துவர் ஃபெர்கஸ் அவளைவிடக் கஞ்சம். கால்பந்து கிளப் நடனத்தில் பக்கத்தில் வந்து நின்ற கிர்ஸ்டனிடம், “எனக்கு ஆட வராது” என்றார் அவர். “நான் கேக்கவே இல்லையே” என்று அவள் நகர்ந்துவிட்டாள். டாக்டர் திமிர் பிடித்த ஆள் என்று ஊரே முடிவு கட்டியது. ஜார்ஜி மட்டும் கல்யாணம் என்று முடிவு கட்டினாள்.

மறுநாளே அவருக்குப் போன்.

“டாக்டர், எங்க கிடா நொண்டுது. உடனே வாங்க.”

“எந்தக் கால்?”

“மாறி மாறி.”

அவர் வந்தார். கிடா துள்ளி ஓடியது. அவரும் கிர்ஸ்டனும் அதைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் பேசாமல் நின்றார்கள். ஜார்ஜி அதைப் பெரிய முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் அக்கா தங்கையின் அப்பா தவறிப்போனார். ஊர் வழக்கப்படி வாசலுக்குப் பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு வந்தது; ஒவ்வொன்றின் அடியிலும் கொடுத்தவர் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. ஜார்ஜி எல்லாவற்றையும் கழுவி, பெயர் பார்த்து, வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தாள். ஏழு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, அலமாரியின் மேல்தட்டில் ஒரு நீலப் பாத்திரம் அகப்பட்டது. அடியில் ஃபெர்கஸ் பெயர்.

இரவல் பாத்திரத்தை ஏழு மாதம் வைத்திருப்பதா? அந்த ஊரில் அதைவிட மானக்கேடு உண்டா? பளபளவென்று தேய்த்துக் கழுவி, “தாமதத்துக்கு மன்னியுங்கள். இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம்” என்று ஒரு சீட்டும் வைத்து, இரண்டு சகோதரிகளின் பெயரையும் எழுதி, மருத்துவமனை மேசையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் கிர்ஸ்டன் அலமாரியைத் திறந்தாள்.

“நீலப் பாத்திரம் எங்கடி?”

“குடுத்துட்டேன். ஏழு மாசம்! ஊர்ல என்ன நெனைப்பாங்க?”

“உள்ள என்ன வச்சுக் குடுத்த?”

“என்னத்த வைக்கிறது? சுத்தமாக் கழுவி, காலியாத்தான்.”

கிர்ஸ்டன் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஏழு மாதமாக அந்தப் பாத்திரம் வாரம் ஒருமுறை போய் வந்துகொண்டிருந்தது. இவள் பாதாமிப் பழம் போட்ட புட்டிங் வைத்து அனுப்புவாள், அவர் காளான் வைத்துத் திருப்புவார். ஒரு தடவைகூடக் காலியாகப் போனதில்லை. எல்லாம் ஜார்ஜி நூலகத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து.

“எனக்கு ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா?”

ஜார்ஜி அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

“டாஸ்மேனியாவுல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்களாம் அவரை. ‘போகவா, இருக்கவா’ன்னு கேட்டார். அடுத்த பாத்திரத்துல பதில் வரும்னு சொல்லியிருந்தேன். நாளைக்கு அவர் அவங்களுக்குச் சொல்லியாகணும்.”

ஜார்ஜி பாய்ந்து வண்டிச் சாவியை எடுத்தாள். “ரெண்டே நிமிஷம். நான் போய் எடுத்துச் சொல்லிடறேன்.”

“சாவியக் குடு.”

“நான் வண்டியிலயே இருக்கேன்.”

“ஜார்ஜி.”

“கண்ணாடிய ஏத்திவிட்டுக்கறேன்டி!”

“சாவி. போனும் பண்ணக்கூடாது.”

வண்டி கிளப்பிய புழுதி அடங்கும்வரை ஜார்ஜி ஜன்னலில் நின்றாள். அக்காவுக்காக ஒன்றுமே செய்யாமல் இருப்பது அவளுக்கு இதுவே முதல் தடவை. கை சும்மா இருந்ததும், அப்பாவும் இல்லாத வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. காதலைத் தானே நடத்திக்கொண்டிருந்தவரை, அது நடந்துவிட்டால் இங்கே மிஞ்சப்போவது யார் என்று அவள் யோசித்ததே இல்லை. அப்படியும் போனைத் தொடவில்லை. அவள் அக்காவுக்குச் செய்ததிலேயே பெரிய உதவி அதுதான்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிர்ஸ்டன் திரும்பினாள். காது மடல் சிவந்திருந்தது.

“அவர் போகல.”

“நீ என்னடி சொன்ன? அவர் என்ன சொன்னார்? உக்காந்தா, நின்னுக்கிட்டா?”

“ஆட்டுக்குத் தண்ணி இருக்கான்னு பாத்துட்டு வரேன்” என்று கிர்ஸ்டன் பின்கட்டு வழியே போய்விட்டாள்.

அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது ஜார்ஜிக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரியும், சொல்வதாக இல்லை. என்ன, இருப்புக் கொள்ளவில்லையா? ஒரே ஒரு வார்த்தையாவது தெரிந்தால் தேவலை என்றிருக்கிறதா? அப்படியானால் நீங்களும் அந்த இனம்தான்; உங்கள் அக்கா எங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள். அவரிடம் நான் உடனே பேசியாக வேண்டும்.