லேயர் சாரும் அவர் தெருப் பச்சையும்

படம் காட்டுகிறவர்கள் எத்தனையோ பேரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தான் காட்டும் படத்தைத் தானே நம்பிவிடுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? அது தனி இனம். அந்த இனத்தாருக்கு மூக்கு இருப்பது கண்ணாடி மாட்டிக்கொள்ள. கண் இருப்பது கணினித் திரையைப் பார்க்க. ஜன்னல்? திரையில் வெயில் அடிக்காமல் துணி தொங்கவிடுவதற்காகக் கட்டடம் கட்டியவர் விட்டுவைத்த ஓட்டை.

லேயர் சார் இந்த இனத்தில் மூத்தவர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மாசுக் கண்காணிப்பு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, வட்டாரம் முழுவதையும் திரையில் வரைபடமாக விரித்து, அதன்மேல் சாலைகள் ஒரு லேயர், ஆலைகள் ஒரு லேயர், வாய்க்கால்கள் ஒரு லேயர், காற்றில் கலந்த புகை ஒரு லேயர் என்று கண்ணாடித் தாள்களைப் போல அடுக்கி, மோசமான இடத்துக்குச் சிவப்பு, சுமாரான இடத்துக்கு மஞ்சள், நல்ல இடத்துக்குப் பச்சை என்று நிறம் பூசுவது அவர் வேலை. கெட்டிக்காரர். அதில் சந்தேகமே வேண்டாம். இந்த இனத்தின் கோளாறே அந்தக் கெட்டிக்காரத்தனம்தான்.

நீங்கள் பதறி ஓடிப்போய், "சார், ஏரியில மீனெல்லாம் செத்து மிதக்குது!" என்று சொல்லிப் பாருங்கள். அவர் பதறமாட்டார். நாற்காலியை அரைவட்டம் திருப்புவார். மவுஸை இரண்டு தட்டுத் தட்டுவார். உதட்டைப் பிதுக்குவார்.

"படத்துல அப்படி ஒண்ணும் இல்லையே."

அவ்வளவுதான். மீன்கள்தான் அவசரப்பட்டுவிட்டன.

இது அலுவலகத்தோடு நின்றால் தேவலை. சாப்பாட்டில் உப்புக் கூடிவிட்டது என்று வீட்டில் யாராவது சொன்னால், "எந்தப் பகுதியில?" என்று கேட்பார். தொப்பலாக நனைந்து வந்து நிற்பார். தலையைத் துவட்டுவதற்கு முன்னால், இன்றைக்கு மழையே இல்லை என்று கைப்பேசி சொல்வதை மனைவியிடம் எடுத்துக் காட்டுவார்.

அவர் குடியிருக்கும் தெருவுக்குப் பின்னால் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை ஒன்று இருக்கிறது. சாயங்காலமானால் அதன் புகைபோக்கி வேலையைத் தொடங்கிவிடும். கொடியில் காயும் துணியெல்லாம் கரிப்பொட்டு வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வரும். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு இளைப்பு. மாடிப்படி ஏறி வந்தால் பையைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் தரையில் உட்கார்ந்துவிடுவாள். புகை நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் வீடு மாற வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"என்னங்க, அந்தப் புகைய என்னன்னு கேக்கக் கூடாதா? நீங்க பாக்குற வேலையே அதுதானே?"

"நம்ம தெரு பச்சைம்மா. கரும்பச்சை! வட்டாரத்துலயே இப்படி ஒரு பச்சை கிடையாது. நீ முதல்ல அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுக்கறத நிறுத்து."

மனைவி வீட்டிலேயே தையல் தைப்பவர். அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்கமாட்டார். அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"காத்த அளக்குற கருவி நம்ம தெருவுல இருக்கா?"

"இல்ல."

"பக்கத்துத் தெருவுல?"

"அங்கயும் இல்ல."

"அப்போ பச்சைன்னு எப்படித் தெரிஞ்சுது?"

லேயர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விஷயம் இதுதான். கருவிகள் எல்லாம் பெரிய ஆலைகளைச் சுற்றித்தான் இருக்கின்றன. அளக்காத இடங்களை வரைபடத்தில் வெள்ளையாக விட்டிருந்தார். மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, பாதிப் படம் வெறுமனே கெடக்கு? வேலை முடியலையா?" என்று முகம் சுளித்தார். அன்று மத்தியானமே வெள்ளை முழுவதும் பச்சையாகிவிட்டது. பார்க்கக் குளுகுளுவென்று இருந்தது. பாராட்டும் கிடைத்தது. பூசிய காரணம் நாளாவட்டத்தில் பூசியவருக்கே மறந்துபோய், பச்சை மட்டும் தங்கிவிட்டது.

"அளக்காத எடத்துக்கு... பச்சை போட்டுடுறது வழக்கம்" என்று முனகினார்.

"அப்போ இதுதான் பச்சைப் பொய்!"

"பொய்ன்னெல்லாம் சொல்லாத. தற்காலிக நிறம்."

மனைவி அதற்குமேல் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. அலுவலகமே பொதுமக்களுக்கென்று ஒரு செயலி விட்டிருந்தது. நின்ற இடத்திலிருந்து பொத்தானை அமுக்கினால், வரைபடத்தில் அந்த இடத்தில் புகாராக ஒரு கறுப்புப் புள்ளி விழும். மொட்டை மாடிக்குப் போய் அமுக்கினார். விழுந்தது.

"சார், இந்தத் தெருவுல ஒரு புகார் வந்திருக்கு. போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்றாள் புதிதாகச் சேர்ந்த உதவியாளர்.

"நம்ம தெருவுலயும் எவனோ வேலையத்தவன் இருக்கான் பாரு. சுத்தி எல்லாம் பச்சை, நடுவுல ஒண்ணு மட்டும் கறுப்புன்னா என்ன அர்த்தம்? விரல் தவறி அமுக்கியிருக்கான். பச்சையில விழற புள்ளி பிழைம்மா. எடுத்துடு."

மாடியில் புள்ளி வைப்பதும் அலுவலகத்தில் அதை எடுப்பதுமாகக் குடும்பம் நடந்தது.

"உங்க ஆபீஸ்ல எவனோ ஒரு புத்திகெட்டவன் என் புகார அழிச்சுக்கிட்டே இருக்கான். யாருன்னு கண்டுபிடிங்க" என்றார் மனைவி.

லேயர் சார் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "விசாரிக்கிறேன்."

அதற்கப்புறம் ஒரு சாயங்காலம், மனைவி கடைக்குப் போயிருந்தபோது, மகளுக்கு இளைப்புக் கண்டது. தகப்பன் என்ன செய்தார்? கைப்பேசியில் படத்தைத் திறந்து பார்த்தார். கரும்பச்சை. நல்ல காற்று பட்டால் சரியாகிவிடும் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்.

புகை அங்கேதான் காத்திருந்தது.

"அப்பா... கீழ..." என்றாள் மகள். அதற்குமேல் பேச்சு வரவில்லை. உதடு வெளுத்துவிட்டது. எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. மருந்தை உறிஞ்சவைத்து, அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு, மூச்சு சீராகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். படத்தில் இல்லாத ஒன்றுக்கு அவர் பயந்தது அதுதான் முதல் தடவை. மனைவி வந்ததும் குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு, தனியாக மாடிக்கு ஏறி, புகைக்குள் நின்று இருமிக்கொண்டே பொத்தானை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார்.

மறுநாள் அலுவலகத்துக்குள் ஓட்டமும் நடையுமாக வந்தார். திரையைப் பார்த்தார். அவர் தெரு அப்பழுக்கில்லாத பச்சையாக இருந்தது.

"புள்ளியெல்லாம் எங்கம்மா?"

"நேத்து ஒரே எடத்துல கொத்தா விழுந்துச்சு சார். எவ்வளவு பெரிய விரலோ! நீங்க சொல்லிக் குடுத்தபடியே எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

"ஐயோ, அது நான்தாம்மா! அங்க புகை வருது. என் கண்ணால பாத்தேன். என் குழந்தைக்கு மூச்சே நின்னுபோச்சு!"

உதவியாளர் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டாள். பிறகு நாற்காலியை அரைவட்டம் திருப்பினாள். மவுஸை இரண்டு தட்டுத் தட்டினாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"படத்துல அப்படி ஒண்ணும் இல்லையே, சார்."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் வெளியே தூறுகிறதா என்று பார்க்க இன்று காலை நீங்கள் திறந்தது ஜன்னலையா, கைப்பேசியையா? போகட்டும். இப்போது எங்கேயோ ஏதோ கருகுகிற வாடை வருகிறதா, பாருங்கள். வரவில்லையா? நல்லது. உங்கள் தெருவுக்கும் யாரோ பச்சை பூசிவிட்டார்கள்.