முனியாண்டியின் மூன்றடி அரிவாள்

எங்கள் எஸ்டேட் முனியாண்டி கோயில் கமிட்டிக்கு நான் செயலாளர். பதினோரு வருடமாக, வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்காத காரணத்தால், ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வருகிறேன். தேயிலை ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா, என்பதால் பாரம் நிரப்புவது எனக்குக் கைவந்த வேலை. கோயில் பொருட்களின் விவரம் கேட்டு டவுன் அரசாங்க ஆபீஸிலிருந்து ஒரு பாரம் வந்தபோது, "அரிவாள் ஒன்று. நீளம் மூன்று அடி. உரிமையாளர்: ஸ்ரீ முனியாண்டி" என்று முத்து முத்தாக எழுதி அனுப்பினேன். அன்றைக்கு அது பக்தியான காரியமாகத்தான் தோன்றியது.

அந்த வருடம் எங்கள் பக்கம் பட்டப்பகலில் திருட்டு. ஆட்கள் கொழுந்து பறிக்க மலையேறியதும் திருடர்கள் லயத்து வீடுகளுக்கு வேலைக்கு வருவார்கள். கேஸ் சிலிண்டர் தோங்கு, தண்ணீர் பம்பு, காயப்போட்ட சட்டை எதையும் விடவில்லை. நேரம் தவறாமையில் எங்கள் ஆட்களைவிட அவர்கள் மேல் என்று சொல்ல வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, கோயிலை ஒட்டிய கடைசி வீட்டில், பின்கதவு வழியாக ஒருவன் பாராங் என்ற வெட்டுக்கத்தியோடு நுழைந்தான். அது ரஞ்சிதம் அக்கா வீடு. முழங்கால் வலிக்கு அக்கா லீவு போட்டிருந்தார். உள்ளே அவர் புருஷன் மாடசாமி, பக்கவாதம் வந்து நாலு வருடமாகப் படுக்கையில் இருப்பவர். அக்கா முன்கதவு வழியாகக் கோயிலுக்கு ஓடி, முனியாண்டி கையிலிருந்த அரிவாளை, நுனியில் குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தோடு உருவிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். நின்றார், அவ்வளவுதான். வந்தவன் அரிவாளைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், ஓடினான். தேயிலைக்கு நடுவே இருந்த கான் வாய்க்காலில் விழுந்து காலை முறித்துக்கொண்டான்.

எஸ்டேட்டே அக்காவைக் கொண்டாடியது. நானும் கைதட்டினேன்.

மூன்றாம் நாள் டவுனிலிருந்து பக்கிரிசாமி என்ற அதிகாரி வந்தார். தற்காப்பு அளவீட்டுப் பிரிவு என்றார். அப்படி ஒரு பிரிவு இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். கால் முறிந்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் கொடுத்திருக்கிறாராம். பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து அரிவாளை இரண்டு தரம் அளந்தார். எங்கள் பக்கத்து ஆட்களைப் போலவே பேச்சின் கடைசியில் 'லா' போட்டுப் பேசினார்.

"உங்க கையில மூணு அடி. அவன் கையில ஒன்றரை அடி. ரெண்டு மடங்கு லா, அம்மா. தற்காப்புன்னா சரிக்குச் சரி இருக்கணும்."

"நான் வெட்டலையே சார். சும்மா நின்னேன்."

"மூணு அடியோட நின்னீங்க. அவன் கத்தி எவ்வளவு நீளம்னு கேட்டீங்களா?"

"கேக்கலை."

"கேட்கவில்லை" என்று அவர் எழுதிக்கொண்டார். "சரி, தப்பிச்சு முன்கதவால ஓடிட்டீங்க. அப்புறம் எதுக்குத் திரும்பி வந்தீங்க?"

"என் வீடு சார்."

"அதையெல்லாம் காரணமா எழுத முடியாது."

"உள்ள எங்க வீட்டுக்காரரு கெடக்குறாரு. எந்திரிக்க மாட்டாரு."

"அவரோட தற்காப்புக்கு அவருதான் மனு போடணும்."

பிறகு அரிவாள் யாருடையது என்று கேட்டார். முனியாண்டியுடையது என்றோம். பைலைப் புரட்டி என் பாரத்தை எடுத்தார். கையெழுத்தைப் பாராட்டினார். "ஆனா உரிமையாளரோட ஐ.சி., அடையாளக் கார்டு நம்பர் போடலையே?" என்று என்னைப் பார்த்தார். நான் முனியாண்டியைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் "திரு. ஸ்ரீ முனியாண்டி அவர்களுக்கு" என்று விலாசமிட்டுக் கடிதம் வந்தது. பொது இடத்தில் பல்லாண்டு காலமாக அரிவாள் ஏந்தி நின்றதற்குத் தகுந்த விளக்கம் அளிக்க வேண்டும். மேலும், ரஞ்சிதம் என்பவர் அதைத் தங்கள் அனுமதியோடுதான் எடுத்தார் என்று பதினான்கு நாட்களுக்குள் எழுதித் தர வேண்டும். தவறினால் அந்த அம்மாள் மீது ஆயுதத்தைத் திருடிய குற்றமும் சேரும். உரிமையாளரால் இயலாவிட்டால் கமிட்டிச் செயலாளர் கையெழுத்துப் போடலாம்.

கமிட்டி கூடியது. தலைவர் லோகேஸ்வரனுக்குப் பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம். காட்டுப்பன்றியை விரட்ட லைசென்ஸ் உள்ள துப்பாக்கியும் வைத்திருக்கிறார்.

"எங்கிட்ட துப்பாக்கியே இருக்கு," என்றார். "போன வருசம் ஒருத்தன் என் பம்பைத் தூக்கிட்டுப் போனான். துப்பாக்கியப் புடிச்சுக்கிட்டே பாத்துக்கிட்டு நின்னேன். லைசென்ஸ்ல பன்னின்னுதான் போட்டிருக்கு. சட்டம்னா சட்டம்."

எல்லாரும் கைதட்டினோம். கடிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அக்கா எழுந்து என்னிடம் வந்தார்.

"ஒரு கையெழுத்துதானே கிராணி. என்னையப் புடிச்சு வச்சுட்டா அவருக்கு யாரு கஞ்சி குடுக்குறது?"

"அடுத்த மாசக் கூட்டத்துல வச்சுப் பேசலாம்க்கா."

"பதினாலு நாளுதானே குடுத்திருக்காங்க?"

"முறைன்னு ஒன்னு இருக்குல்ல?"

அக்கா காலைத் தாங்கித் தாங்கி வீட்டுக்குப் போனார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதும் வழக்கம் இல்லை. பதினான்கு நாள் கழிந்தது, அக்கா மீது திருட்டுக் குற்றமும் சேர்ந்தது. அன்று முதல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அக்கா வலிக்கும் காலோடு பஸ் ஏறி டவுனுக்குப் போய் அந்தப் பிரிவின் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். விசாரணை எப்போது என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

கமிட்டி சும்மா இருந்துவிடவில்லை. அரிவாளை இரும்பு அலமாரியில் பூட்டி என் வீட்டில் வைக்க வேண்டும், அது வெளியே போனால் வாங்குகிறவரிடம் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும், சாவியில் "அரிவாள் சாவி" என்று எழுதி எல்லாருக்கும் தெரியும்படி மாட்ட வேண்டும் என்று தீர்மானித்தோம். முனியாண்டிக்கு அரிவாளுக்குப் பதிலாக ஒரு விசில் வழங்கப்பட்டது. அரிவாள் பிடித்த முஷ்டிக்குள் விசில் நிற்கவில்லை. கயிறு கட்டித் தொங்கவிட்டோம்.

அதோடு தற்காப்புப் பயிலரங்கு ஒன்றும் நடத்தினோம். ஊதா நிற டீ-சட்டை, பெரிய பேனர், கோலாலம்பூரிலிருந்து ரூபினி என்ற பயிற்சியாளர். திருடனைக் கண்டால் முதலில் மூச்சை இழுத்து விட வேண்டும், பிறகு மரியாதையாகக் கத்தியின் நீளத்தைக் கேட்க வேண்டும், அதற்கு மேற்படாத பொருளை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விசில் ஊத வேண்டும் என்றார். எல்லாருக்கும் சான்றிதழும் விசிலும் கிடைத்தன. விசில் மாட்டாமல் கொழுந்து பறிக்கப் போவது கௌரவக் குறைவு என்றாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையோடு விசில் மாட்டி வந்தவர்களும் உண்டு. அக்காவுக்கு மட்டும் சான்றிதழ் தரவில்லை, வழக்கு இருப்பதால்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. எனக்குச் சளிக்காய்ச்சல், வீட்டில் இருந்தேன். அக்கா வீட்டில் நுழைந்த அதே ஆள், கத்தியோடு நொண்டிக்கொண்டே உள்ளே வந்தான். முறிந்த கால் கூடியிருந்தது. நான் மூச்சை இழுத்து விட்டேன்.

"தம்பி, கத்தி எவ்வளவு நீளம்?"

"ஒன்றரை அடிண்ணே," என்றான், பணிவாக.

என்னிடம் காய்கறிக் கத்தி முக்கால் அடிதான். பற்றாக்குறை. விசிலை ஊதினேன். மலையில் இருந்தவர்கள் ஒத்திகை என்று நினைத்து மொத்தமாகத் திருப்பி ஊதினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவன் சுவரில் மாட்டியிருந்த சாவியின் எழுத்தைப் படித்தான், அலமாரியைத் திறந்தான், அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பக்கிரிசாமி மறுநாளே வந்தார். பதிவேட்டைத் திறந்து பார்த்தார்.

"பூட்டு உடையல. சாவி உங்க பொறுப்பு. வாங்கினவன் கையெழுத்தும் இல்ல. அப்ப நீங்களாத்தான் குடுத்திருக்கணும் லா."

"திருடிட்டுப் போனான் சார்!"

"பாத்த சாட்சி யாராச்சும் பதினாலு நாளுக்குள்ள எழுதிக் குடுக்கட்டும். இல்லன்னா திருடனுக்கு ஆயுதம் வழங்கினதா எழுதுவேன். அதுக்கு உள்ளதான் போகணும்." டேப்பைச் சுருட்டினார். "ஒரு நல்ல விசயம். இப்ப அவன் கையில மூணு அடி. அடுத்த தடவ நீங்களும் மூணு அடி எடுக்கலாம்."

திருட்டு நடந்த அன்று என்னைத் தவிர மலைக்குப் போகாமல் லயத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள். தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரஞ்சிதம் அக்கா மாடசாமி அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அவன் போனதப் பாத்தீங்களா?"

"பாத்தேன் கிராணி. அரிவாளத் தோள்ல போட்டுக்கிட்டு இந்த வாசலாலதான் நொண்டிக்கிட்டுப் போனான்."

"அப்ப இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தார். நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

"அடுத்த மாசக் கூட்டத்துல வச்சுப் பேசலாம் லா."

"பதினாலு நாளுதானேக்கா குடுத்திருக்காங்க!"

அக்கா மறுபடி கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

"முறைன்னு ஒன்னு இருக்குல்ல, கிராணி?"